காற்றுப் படாத சேறு

மட்டக்களப்புக்கு நான் சேறு எடுக்கப் போனேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி, போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஊருக்குப் போகிறவர்கள் காணாமல் போன உறவினரைத் தேடிப் போவார்கள், இல்லையென்றால் நிவாரணப் பொருளோடு போவார்கள். நான் பன்னிரண்டு ரப்பர் மூடிகளும் ஒரு மெழுகுக் கட்டியும் ஒரு தேநீர் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஆறு நாட்களைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. பயணம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் நண்டுக் கறியைப் பற்றிச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அப்போது திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு பயிலரங்குக்கு அழைத்திருந்தார்கள். மதுரையில் படித்தபோது மூன்று வருஷம் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த தவமணி, மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தாள். கொழும்பு வரை வருகிறேன், உன் ஊர் வாவியில் கொஞ்சம் சேறு கிடைக்குமா என்று எழுதினேன். "வா, பாப்பம்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

சேற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பூமியின் வயதில் ஏறக்குறையப் பாதிக் காலம் காற்றில் பிராணவாயு கிடையாது. அப்போது இருந்ததெல்லாம் ஒற்றைச் செல் உயிர்கள். பிராணவாயு பெருகிய பிறகு, அது ஒத்துக்கொள்ளாத பழைய குடிகள் காற்றுப் படாத இடங்களில் போய் ஒடுங்கிக்கொண்டன. வாவிகளின் அடிச் சேறு அப்படிப்பட்ட இடம். அந்தப் பழைய குடிகளில் ஏதோ ஒன்று, ஏதோ ஒரு காலத்தில், இன்னொரு சிறிய உயிரைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. எடுத்ததைச் செரிக்கவில்லை. உள்ளே போன உயிரும் சாகவில்லை. அந்தக் கூட்டுக் குடித்தனத்திலிருந்துதான் மரம், நண்டு, மனிதர் எல்லாம் வந்தோம். உள்ளே போனது யார் என்பது ஓரளவு தெரிந்திருந்தது. இடம் கொடுத்தது யார் என்பது தெரியாது. அதன் நெருங்கிய உறவினர் யாராவது சேற்றில் இன்னும் இருக்கலாம் என்று நான் நம்பினேன். முப்பத்து மூன்று வயது. நான்தான் கண்டுபிடிப்பேன் என்றும் நம்பினேன்.

கொழும்பிலிருந்து கிளம்பிய முதல் நாள் முழுவதும் பேருந்தில் போனது. எங்கள் ஊரில் பேருந்து நின்றால் ஆண்கள் டீக்கடைக்கு ஓடுவார்கள், சன்னலருகே வெள்ளரிக்காய்க் கூடை வந்து நிற்கும். இங்கே பேருந்து நின்றால் பேச்சு நின்றது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக இராணுவச் சாவடியைக் கடந்து நடந்தார்கள், அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறினார்கள். இப்படி நான்கு இடத்தில். குழந்தைகள்கூட அழாமல் நடந்ததைப் பார்த்து, எவ்வளவு ஒழுங்கு என்று மனதுக்குள் வியந்தேன். அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சாவடிக்கும் நான்காவதற்கும் நடுவில் டயர் வெடித்தது. சாலையின் இரண்டு பக்கமும் காட்டை வெட்டி எரித்துக் கரியாக விட்டிருந்தார்கள். யாரும் ஓரத்தில் ஒதுங்கவில்லை. தார்ச்சாலையை விட்டு இறங்கவே இல்லை. பக்கத்து இருக்கைப் பெண் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி ஒன்றைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். எந்த ஊர், எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டாள். சேறு எடுக்க என்றேன். "எங்கட ஊர்ல அதுக்குக் குறைவில்ல" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

செட்டிபாளையத்தில் தவமணி தெருமுனையில் காத்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், முன்நெற்றியில் நரை. ஒரு பக்கம் கடல் இரைகிற சத்தம், இன்னொரு பக்கம் வாவி சத்தமே இல்லாமல் கிடந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட நண்டுக் கறியை நான் பலரிடம் சொன்னது பொய்யில்லை. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை போட்டுக் காய்ச்சிய நண்டு, தேங்காய்ப்பால் சொதி, கட்டித் தயிர். எங்கள் பக்கத்தில் புளிக்குழம்பில் போட்டு நண்டின் இனிப்பைக் கொன்றுவிடுவோம். கை காயும்வரை உட்கார்ந்து பேசினோம். "மறுகா என்ன?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஊரில் மறுகா என்றால் பிறகு. விடுதியில் இந்தச் சொல்லுக்காக அவளை நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

இரண்டாம் நாள் காத்தான்குடிக்குப் போனோம். சேற்றை அடுக்குக் கலையாமல் எடுக்க பிவிசி குழாய் வேண்டும். துணிக்கடைகளைத் தாண்டி ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்காரரை அன்சார் காக்கா என்று அறிமுகப்படுத்தினாள் தவமணி; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவளுடைய தகப்பனார் வீடு கட்டியபோது சாமான் எல்லாம் இவரிடம்தான் வாங்கினாராம். இரண்டு பேரும் அவரவர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள். பல வருஷம் பார்த்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஏன் என்று இருவரும் சொல்லவில்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அன்சார் காக்கா குழாயை ஆறு துண்டாக அறுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். சேற்றை நிரப்பி, இரண்டு முனையிலும் மூடி போட்டு, மெழுகு வைத்து அடைப்பேன் என்றேன். கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"அப்பிடி அடைச்சிக் கொண்டு போகாதீங்க புள்ள. பாக்கிறவனுக்கு அது வேற சாமானாத் தெரியும்."

ஒரு தகரப் பேணியில் அள்ளிக்கொண்டு போனால் என்ன என்றார். காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று விளக்கினேன். அவர் தவமணியைப் பார்த்தார். தவமணி, எங்காவது அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டால் என்ன என்று என்னிடம் கேட்டாள். கடிதம் கேட்டுப் போனால் கொழும்புக்கு எழுதுவார்கள், என் விசா பயிலரங்குக்கு மட்டும்தான் என்று தெரிந்துவிடும், ஒரு மாதம் ஆகும். சேறுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. விடுதியிலும் அப்படித்தான். நான் பிடிவாதம் பிடித்தால் அவள் விட்டுவிடுவாள்.

மூன்றாம் நாள் காலையில் குருமண்வெளிக்குப் போனோம். அங்கிருந்து வாவியைக் கடந்தால் மண்டூர். துறையில் நின்றவர்கள் "பாதை பழுது" என்றார்கள். பாதை இதோ நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் மண் ரோட்டைக் காட்டினேன். அங்கே பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துப்போகிற மிதவை என்று தவமணி சொல்ல, நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் கூடிச் சிரித்து நான் கேட்டது அந்த ஆறு நாளில் அந்த ஒரு தடவைதான்.

மிதவை எங்களுக்குத் தேவைப்படவில்லை. தவமணியின் அண்ணன் கதிர்காமத்தம்பி தோணி வைத்திருந்தார். இறாலும் மீனும் பிடிக்கிறவர், நாற்பது வயதிருக்கும், மூன்று பிள்ளைகள். தவமணிக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை அவரிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அவருடைய மனைவி பூரணம் சோறும் பொரித்த மீனும் மாங்காய்ச் சம்பலும் தாமரை இலையில் கட்டித் தந்தார். துறையிலிருந்த சாவடியில் எங்களை எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். குழாய்கள் அப்போது வெறுமையாக, இரண்டு பக்கமும் திறந்து கிடந்தன. யாரும் கவனிக்கவில்லை.

வாவியில் சூரியன் எழுகிற கரையை எழுவான்கரை என்றும் படுகிற கரையைப் படுவான்கரை என்றும் சொல்கிறார்கள். எழுவான்கரையில் இராணுவம், படுவான்கரையில் இயக்கம். நடுவில் இருந்த தண்ணீரில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன மாதிரிச் சேறு வேண்டும் என்று அண்ணன் கேட்டார். கறுப்பாக, கூமுட்டை நாற்றத்தோடு, கிளறினால் குமிழி வருகிற சேறு என்றேன். அவர் தோணியைத் தள்ளுகிற தாங்குகம்பை ஊன்றி, எடுத்து, நுனியை முகர்ந்துகொண்டே போனார். மண்டூர்க் கோயில் மரங்கள் தெரிகிற ஒரு வளைவில் தோணியை நிறுத்தினார்.

"இதுக்குள்ள ஒண்டும் உயிரோட இல்ல தங்கச்சி. நண்டும் வராது. இதுதான் உங்களுக்குச் சரி."

நெஞ்சளவு தண்ணீர். இருவரும் இறங்கினோம். குழாயைச் செங்குத்தாக நான் அழுத்துவேன், மேல்முனையை அடைப்பேன். அவர் மூழ்கி, கையால் சேற்றைத் துழாவி, தண்ணீருக்குள்ளேயே கீழ்முனையை மூடிவிட்டு எழும்புவார். தலையெல்லாம் கறுப்பாக வழியும். ஆறு தடவை மூழ்கினார். ஆறாவது குழாயின் ரப்பர் மூடி வழியே நீண்ட ஊசியை இறக்கிக் கொஞ்சம் உறிஞ்சி, ஊரிலிருந்து தயாரித்துக்கொண்டு வந்திருந்த மூன்று சிறிய கண்ணாடிக் குப்பிகளில் ஏற்றினேன். அவற்றில் காற்றை நீக்கிய திரவமும் ஒரு சாயமும் இருந்தன. காற்று நுழையாதவரை சாயத்துக்கு நிறம் கிடையாது. நுழைந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். மூன்றும் தெளிவாக நின்றன. பஞ்சில் சுற்றி பிளாஸ்க்குக்குள் வைத்தேன். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோணியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னேன். ஒன்று இன்னொன்றை உள்ளே எடுத்தது, செரிக்கவில்லை, பிறகு இரண்டும் ஒன்றாகவே பெருகின என்றேன். அவர் கேட்ட கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. ஒன்று மற்றதை விழுங்குவதுதானே வழக்கம், இந்த ஒரு தடவை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். மீன் முள்ளைத் தண்ணீரில் போட்டுவிட்டு யோசித்தார்.

"ரெண்டுக்கும் போக வேற இடம் இல்லாம இருந்திரிக்கும்."

சண்டையில் அவரும் பூரணமும் ஊரைவிட்டு ஓடியபோது, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அவர்களைச் சேர்த்துக்கொண்டதாம். இரண்டு வருஷம் ஒரே அடுப்பு. முதலில் ஒத்துவரவில்லையாம். மறுகா அந்த வீட்டுக்காரருக்கு இவர் வலை இல்லாமல் முடியாது, இவருக்கு அவர்கள் கிணறு இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டதாம். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பின்னாளில் எத்தனையோ வகுப்புகளில் என் சொந்தச் சொல்லாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

பின்னேரம் துறைக்குத் திரும்பினோம். இரண்டு சிப்பாய்கள் தோணியை எட்டிப் பார்த்தார்கள். இரண்டு முனையும் அடைத்து, மெழுகு பூசி, ஈரத்துணியில் சுற்றிய ஆறு குழாய்கள். ஒரு சிப்பாய் பின்னால் நகர்ந்து கத்தினான். துறையில் நின்றவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் ஓர் அதிகாரி வந்தார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினார். அமைதியாகத்தான் பேசினார்.

உள்ளே என்ன என்று கேட்டார். சேறு என்றேன். திறந்து காட்டச் சொன்னார். அந்த இடத்தில் நான் திறந்திருக்க வேண்டும். மெழுகைச் சுரண்டி மூடியை எடுத்தால் முடிந்தது. திறக்கக்கூடாது, காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. அவர் முகம் மாறியது. அக்கரையிலிருந்து வருகிறீர்கள், விசா கொழும்புப் பயிலரங்குக்கு, இந்தக் குழாய்கள் யாருடையவை என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: குழாய்கள் படகுக்காரருடையவை. நான் கொஞ்சம் சேறு கேட்டேன், அவ்வளவுதான். இப்படி அடைத்துக் கொண்டுவருவார் என்று எனக்குத் தெரியாது.

கதிர்காமத்தம்பி அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் குழாய்களைக் கைகாட்டி, பிறகு அவரைக் கைகாட்டியதைப் பார்த்தார். எல்லாவற்றையும் நல்லபடியாக விளக்கிவிட்டேன் என்று நினைத்தார். அதிகாரியைப் பார்த்து ஓம் ஓம் என்று தலையாட்டினார். அதிகாரி அந்தத் தலையாட்டலைக் குறித்துக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோனார்கள். குழாய்களைத் தூரத்தில் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். என் பையைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்க்கைத் தேநீர் என்று விட்டுவிட்டார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் செட்டிபாளையத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அன்று மாலை தவமணி, என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். சேறு என்று சொன்னேன், அவர்கள் நம்பவில்லை என்றேன். அவ்வளவும் உண்மைதான். மீதியைச் சொல்லவில்லை. அவள் எனக்குப் பிட்டும் சம்பலும் வைத்தாள். நீ பயந்திருப்பாய், சாப்பிடு என்றாள். சாப்பிட்டேன்.

நான்காம் நாள் அவளும் பூரணமும் இராணுவ முகாம் வாசலில் போய் நின்றார்கள். நானும் வருகிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். வெளிநாட்டுக்காரி வந்தால் சிக்கல் கூடும் என்றாள் தவமணி. நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து குப்பிகளை வெளிச்சத்தில் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

முகாமில் உள்ளே விடவில்லையாம். அவை வெறும் தண்ணீர்க் குழாய்கள்தான் என்று யாராவது சாட்சி சொன்னால் விடுவார்களோ என்று தவமணிக்குத் தோன்றியிருக்கிறது. காத்தான்குடிக்குப் போய் அன்சார் காக்காவிடம் சொன்னாள். வர மாட்டார் என்று நினைத்துத்தான் போனாள். குழாய் விற்றேன் என்று முகாமில் போய்ச் சொல்வது அந்தக் காலத்தில் கடையைப் பணயம் வைப்பது. அவர் கடையை இழுத்து மூடிவிட்டு அவளோடு பேருந்து ஏறினார். அதிகாரியிடம், குழாய் விற்றது நான், வாங்கியது இந்தியாவிலிருந்து வந்த பெண், சேறு அள்ள என்று சொல்லித்தான் வாங்கினார், அடைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அதிகாரி தவமணி பக்கம் திரும்பி, ஆனால் குழாய் படகுக்காரருடையது என்றல்லவா அந்தப் பெண் சொன்னார் என்றாராம். ஆங்கிலத்தில். தவமணிக்கு ஆங்கிலம் தெரியும்.

அவள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அண்ணனிட்ட தமிழ்ல கேட்டிருக்கலாம். குழாய் என்ட எண்டு நீங்க சொல்லுங்க, எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு கேட்டிருந்தா, அவர் ஓமெண்டு சொல்லியிருப்பார். நீ கேக்கவும் இல்ல."

எழுந்து உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தவமணியும் வந்தாள், ஆனால் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். குழாய்கள் என்னுடையவை, நான்தான் வாங்கினேன், நான்தான் அடைத்தேன், பயத்தில் பொய் சொன்னேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் எழுதி என் கையெழுத்தை வாங்கினார். ஏன் அன்றைக்கே திறக்கவில்லை என்று கேட்டார். பிராணவாயு, பழைய உயிர்கள் என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். இதற்காகவா என்று மட்டும் கேட்டார்.

வெளியே கொண்டுபோய், என் கையாலேயே ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்கள். மூடியை எடுத்துக் குழாயைச் சாய்த்தால் கறுப்புச் சேறு பொத்தென்று மணலில் விழுந்தது. நாற்றம் தாங்காமல் சிப்பாய்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆறாவது குழாய் காலியானதும், மேலே இருந்த கறுப்பு வெயிலில் சாம்பல் நிறமாக வெளுக்கத் தொடங்கியது. பிளாஸ்க்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது தவமணி வீட்டில் என் பெட்டிக்குள் இருந்தது.

மத்தியானம் கதிர்காமத்தம்பி அண்ணனை விட்டார்கள். இடது கண்ணும் காதும் வீங்கியிருந்தன. நடக்கும்போது ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார். பூரணம் ஓடிப் போய்ப் பிடித்தார். நான் கிட்டப் போனேன். பூரணம் என்னைப் பார்த்துவிட்டு, கணவரை மறுபக்கம் திருப்பி, என்னைச் சுற்றிக்கொண்டு போனார். அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். கோபமில்லை. யாரென்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறவரைப் போல இருந்தது. பிறகு தவமணியிடம் தண்ணீர் கேட்டார்.

இரண்டு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம், வேறு என்ன கொண்டுவந்தீர்கள் என்று. ஆறு குழாய்தான் என்றே சொல்லியிருக்கிறார். குப்பிகளில் ஊசி ஏற்றியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். பிளாஸ்க்கைச் சொல்லவே இல்லை. இதைத் தவமணி ஆறாம் நாள் காலையில், பேருந்து நிறுத்தத்தில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பேருந்து வந்ததும் பெட்டியை ஏற்றிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் எழுது என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சாவடிகளில் வரிசையில் நடந்தபோது, குழந்தைகள் ஏன் அழுவதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

கல்லூரியில் பிளாஸ்க்கைத் திறந்தேன். மூன்று குப்பிகளும் இளஞ்சிவப்பாக இருந்தன. ரப்பர் அடைப்பில் ஊசி போன துளை வழியே எங்கோ காற்று நுழைந்திருக்க வேண்டும். அப்படியும் விடாமல் நான்கு மாதம் வளர்த்துப் பார்த்தேன். எதுவும் வளரவில்லை. கடைசியில் கழுவி ஊற்றினேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டு அண்ணனுக்குக் கடிதம் எழுத முடிந்தது. வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. அவர் சொல்ல மூத்த மகள் எழுதியது. இடது காது இப்போது கேட்பதில்லை, வலது காது நல்லம். தோணி ஓடுகிறது. இந்தப் பக்கம் வந்தால் தவமணி வீட்டுக்கு வாங்க, எங்கட வீட்டுக்கு வரவேணாம், பூரணத்துக்கு உங்கட முகத்தைப் பார்க்க ஏலாது. எனக்கு ஒண்டு மட்டும் தெரிய வேணும். நீங்க தேடின ஆள் அந்தச் சேத்துக்குள்ள இருந்தாரா?

ஒன்றும் இல்லை, எல்லாம் வழியிலேயே செத்துவிட்டது என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஒரு காதுக்குப் பதிலாக அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கிழித்துவிட்டு, இருந்தார் அண்ணா என்று எழுதினேன். உருண்டையாக, கூட்டம் கூட்டமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தார்கள் என்றும் எழுதினேன். எழுதும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது. தபாலில் போட்டேன்.

போர் முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகு, ஆழ்கடல் சேற்றிலிருந்து நான் தேடிய உறவினரை வேறு நாட்டுக்காரர்கள் கண்டெடுத்த செய்தியைப் படித்தேன். முதலில் தோன்றியது பொறாமை இல்லை, நிம்மதி. அப்படியானால் நான் அண்ணனுக்கு எழுதியது முழுப் பொய் ஆகாது என்று தோன்றியது. அந்த நிம்மதியை நினைத்து அன்று முழுவதும் கூசிப்போனேன். மறுநாள் எங்கெங்கோ விசாரித்துத் தவமணியின் தொலைபேசி எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டேன்.

அவள் என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பிறகு வீட்டுச் சேதிகளைச் சொன்னாள். அண்ணன் இன்னும் வாவிக்குப் போகிறார் என்றாள். மண்டூர் வளைவில் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டுதான் போவாராம். அங்கே கம்பு ஊன்ற வேண்டாம், நம்முடைய ஆதி ஆட்கள் கிடக்கிறார்கள் என்று மற்றத் தோணிக்காரர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறாராம். இந்தியாவில் ஒரு தங்கச்சி பார்த்து எழுதியிருக்கிறாள் என்று என் கடிதத்தைக் காட்டுவாராம்.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். குப்பிகளையும் அவற்றின் நிறத்தையும் கடிதத்தையும் சொன்னேன். அண்ணனிடம் நீயே சொல்லிவிடு என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டன் வசந்தா," என்றாள். "நீ வந்து சொல்லு."

அது நடந்து இரண்டு வருஷமாகிறது. நான் இன்னும் போகவில்லை.